வாரா வாரம் சர்வர் தானே செய்யும் வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் மளிகைக் கடை, கூட்டுறவுச் சங்கம், கோயில் அலுவலகம், டியூஷன் நிலையம் போன்ற இடங்களில் மேசைக்கு அடியில் ஓடும் சிறிய சர்வர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கணக்கைக் காப்பு எடுப்பது, வார அறிக்கை தயாரிப்பது, பழைய கோப்புகளைத் துடைப்பது எல்லாம் வாரம் ஒரு முறை ஆள் தொடாமல் நடக்க வேண்டிய வேலைகள். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கிரான் என்றால் என்ன?

லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள சர்வரில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல். நிமிடத்துக்கு ஒரு முறை கண் விழித்துக் கையிலுள்ள பட்டியலைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்கு உரிய வேலை இருந்தால் கிளப்பிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்கு அனுப்புவார் அல்லவா, அதேதான். அனுப்புவதோடு கிரானின் பொறுப்பு முடிந்தது. போனவன் மரம் வெட்டினானா, நிழலில் படுத்தானா என்று அது பார்க்காது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு குணத்தால் வருபவை.

கிரான் பட்டியலில் 0 3 * * 5 என்ற வரியை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள்: நிமிடம் (0 முதல் 59), மணி (0 முதல் 23), மாதத்தின் தேதி (1 முதல் 31), மாதம் (1 முதல் 12), கிழமை (0 முதல் 7). கிழமையில் 0, 7 இரண்டுமே ஞாயிறு, 5 வெள்ளி. நட்சத்திரக் குறி வந்தால் 'எதுவானாலும் சரி' என்று பொருள். ஆக, மேலே உள்ளது வெள்ளிதோறும் அதிகாலை 3 மணி. அதற்குப் பின் இடம் விட்டு, ஓட வேண்டிய கட்டளையை முழுப் பாதையுடன் எழுதுங்கள்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, நிமிடக் கட்டத்தில் 0 போடாமல் நட்சத்திரம் போடுவது. * 3 * * 5 என்றால் 3:00 முதல் 3:59 வரை அறுபது தடவை ஓடும். அறுபது காப்புக் கோப்புகள், விடிந்தால் வட்டு நிரம்பியிருக்கும். இரண்டாவது, 'ஏழு நாளுக்கு ஒரு முறை' என்று நினைத்துத் தேதிக் கட்டத்தில் */7 போடுவது. அது 1, 8, 15, 22, 29 தேதிகளில் ஓடி, அடுத்த மாதம் 1ஆம் தேதி திரும்பவும் ஓடும். 30 நாள் மாதத்தில் இரண்டே நாள் இடைவெளி. வாராந்திர வேலைக்குக் கிழமைக் கட்டத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

பட்டியலை எங்கே எழுதுவது?

கிரான்டேப், ஓர் இடம், ஒரு சிறு கோடு, 'ஈ' எழுத்து. இப்படி அடித்தால் உங்கள் பயனருக்கான பட்டியல் திருத்தத் திறக்கும். கோட்டுக்குப் பின் 'எல்' போட்டால் பட்டியலைக் காட்டும். 'ஆர்' போட்டால் பட்டியல் முழுவதையும் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். விசைப்பலகையில் 'ஈ'க்குப் பக்கத்து விசையே 'ஆர்' என்பதை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்பும் 'எல்' வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைப்பது நல்லது.

ஈடிசி அடைவில் (கோப்புறையில்) உள்ள பொதுப் பட்டியலிலும் எழுதலாம். அங்கே கிழமைக்கும் கட்டளைக்கும் நடுவில் பயனர் பெயர் என்று ஆறாவது கட்டம் உண்டு. சொந்தப் பட்டியலிலிருந்து வரியை வெட்டி அங்கே ஒட்டினால், கட்டளையின் முதல் சொல்லைப் பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு வேலை ஓடாமலே கிடக்கும்.

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் கிரான்.வீக்லி என்ற அடைவும் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) அதில் போட்டாலே வாரம் ஒரு தடவை ஓடும். ஆனால் கோப்புப் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. 'காப்பு.எஸ்எச்' என்று வால் வைத்த கோப்பைத் தாண்டிப் போய்விடும், பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. வாலை நறுக்கிவிட்டு, இயக்க அனுமதி கொடுங்கள்.

எந்தக் கிழமை, எந்த நேரம் நல்லது?

இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக நினைத்து எழுதப்பட்டவை. ஐந்து கட்டங்களுக்குப் பதிலாக எழுதும் 'அட் வீக்லி' (@ குறியுடன்) என்ற சுருக்கமும் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு 12 மணிதான். கெடாவில் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். (கிளந்தான், திரெங்கானுவும் அப்படியே. ஜொகூர் 2014இல் வெள்ளி-சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1 முதல் சனி-ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஜொகூர் கிளைக்கும் சேர்த்துப் பட்டியல் வைத்திருப்பவர்கள் பழைய வரிகளைத் திருத்தினீர்களா என்று பாருங்கள்.) எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டினால், வேலை வாரம் தொடங்கும் காலையில் போய் சர்வரை மறுதொடக்கம் செய்துகொண்டிருப்பீர்கள்.

வியாழன் மாலை கணக்கு மூடும் அலுவலகம் என்றால் காப்பை வெள்ளி அதிகாலையில் எடுங்கள். கெட்டுப்போனால் சரிசெய்ய இரண்டு நாள் கையில் இருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு, மறுதொடக்கம் போன்ற ஆபத்தான வேலைகளுக்கும் வெள்ளி அதிகாலைதான், காப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. வார அறிக்கைக்கு ஞாயிறு காலை 5 மணி போதும். முன்கூட்டி எடுத்தால் சனிக்கிழமை யாராவது பதிந்த சீட்டு விடுபடும்.

கோயில் அர்ச்சனைச் சீட்டு சர்வருக்கு இந்தக் கணக்கு செல்லாது. மாரியம்மன் கோயில் என்றால் செவ்வாயும் வெள்ளியும் கூட்டம், வார இறுதியில் திருமணம். புதன் அதிகாலை 2 மணி பாருங்கள். ஆடி மாதத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

நிமிடத்தை 0 என்று வைக்காமல் 17, 43 என்று ஏதாவது போடுங்கள். எல்லோரும் முழு மணிக்கே வைப்பதால் வெளிச் சர்வருக்குக் கோப்பு அனுப்பும்போது அந்த நொடியில் நெரிசல் வரும்.

வாடகைச் சர்வரில் 3 மணிக்கு வைத்தேன், காலை 11 மணிக்கு ஓடுகிறது. ஏன்?

மேகச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் (யூடிசி) வரும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால். டைம்டேட்சிடிஎல் கட்டளையை அடித்துப் பாருங்கள், எந்த நேர மண்டலம் என்று காட்டும். மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று மாற்றலாம். மாற்றிய கையோடு கிரான் சேவையை ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். இல்லையென்றால் அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மண்டலத்தை மாற்ற முடியாத இடமென்றால் நீங்களே கழித்து எழுத வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மணி மாறும்போது கிழமையும் மாறும். நம் வெள்ளி அதிகாலை 3 மணி, அங்கே வியாழன் இரவு 7 மணி. ஆக வரி 0 19 * * 4. மணியை மட்டும் 19 ஆக்கிக் கிழமையை 5 என்றே விட்டால் நம் சனிக்கிழமை அதிகாலையில்தான் ஓடும். நமக்குக் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் ஒரு முறை கணக்குப் போட்டால் போதும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் ஓடவில்லை.

வருகிற கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். நீங்கள் உள்நுழையும்போது உங்கள் அமைப்புகள் எல்லாம் கூடவே ஏறிக்கொள்கின்றன. கிரான் வெறுங்கையோடு ஓடுகிறது.

நிரல்களைத் தேடும் பாதை அதற்கு மிகக் குறுகியது, பெரும்பாலும் யூஎஸ்ஆர்/பின், பின் இரண்டுதான். யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் நீங்கள் நிறுவியது அதன் கண்ணில் படாது. ஸ்கிரிப்ட் 127 என்ற குறியோடு திரும்பினால் காரணம் இதுதான். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. ஸ்கிரிப்ட்டின் மேலேயே அந்தத் தேடும் பாதையை, அதாவது பாத் மாறியை, முழுதாக எழுதிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

அடுத்தது, வரியில் உள்ள விழுக்காட்டுக் குறி. கோப்புப் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளைக்கு % போடுவோம். கிரான் பட்டியலில் அந்தக் குறிக்கு 'இங்கே வரி முறிகிறது' என்று பொருள், கட்டளை அந்த இடத்தில் வெட்டுப்படும். அதற்கு முன்னால் பின்சாய்கோடு போடலாம். தேதிக் கணக்கை ஸ்கிரிப்ட்டுக்குள் கொண்டுபோய்விடுவது இன்னும் சுத்தம்.

ஸ்கிரிப்ட்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்தீர்களா? ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து ஒட்டியிருக்கும், முதல் வரியிலேயே தடுக்கி விழும். டாஸ்2யுனிக்ஸ் கட்டளையால் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். பட்டியலின் கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டியிருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வரியின் முடிவில் >> போட்டுப் பதிவுக் கோப்பின் பாதையை எழுதி, பிறகு 2>&1 சேருங்கள். இயல்பான வெளியீடும் பிழைச் செய்தியும் ஒரே கோப்பில் விழும். சோதிக்க அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நிமிடம் தள்ளி நேரத்தை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய நேரத்துக்குத் திருப்புங்கள். திருப்ப மறந்தால் வாராந்திர வேலை புதன் மதியம் 2:36க்கு என்றென்றும் ஓடும்!

இடி மழையில் கரண்டு போய் சர்வர் அணைந்திருந்தால்?

கிரான் தவறிய வேலையைப் பின்னர் ஓட்டாது. தினசரி வேலை என்றால் நாளை வரும். வாராந்திர வேலை தவறினால், காப்புக்கும் காப்புக்கும் இடையே 14 நாள்.

முதலில் கணினியைக் கவனியுங்கள். கணினி எழும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் இடம் இருக்கும், அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மின்னல் வெட்டி அணைந்த பெட்டி, மறுநாள் யாராவது பொத்தானை அமுக்கும் வரை இருட்டில் கிடக்கும். யூபிஎஸ் (கரண்டு போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இருந்தால் அதன் யூஎஸ்பி கம்பியையும் சர்வரில் சொருகுங்கள். பேட்டரி இறங்கும்போது ஒழுங்காக அணைய அதுதான் வழி. வெறும் பேட்டரியாக மட்டும் வைத்தால் பத்து நிமிடம் தள்ளிப்போட்டு அதே விபத்து.

பிறகு, தவறியதைப் பிடித்து ஓட்ட இரண்டு வழி. ஒன்று அனக்கிரான்: அது மணியைப் பார்க்காமல், கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணும். ஏழு நாள் கடந்திருந்தால் சில நிமிடம் பொறுத்து ஓட்டும். குறை என்னவென்றால் கிழமை நழுவும். வெள்ளி தவறிச் சனி ஓடினால், அடுத்ததும் சனிதான். அடுத்தது, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர். '.டைமர்' கோப்பின் ஆன்கேலண்டர் வரியில் ஃப்ரை *-*-* 03:17:00 என்றும், கீழே பெர்சிஸ்டன்ட் சமம் ட்ரூ என்றும் எழுதுங்கள். தவறியிருந்தால் சர்வர் எழுந்ததும் ஓட்டிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வெள்ளிக்கே வந்து நிற்கும். எங்கள் தேர்வு இதுதான். சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கட்டளையைக் கொடுக்கும்போது '.டைமர்' கோப்புக்குக் கொடுங்கள், ஓட வேண்டிய கட்டளை இருக்கும் '.சர்வீஸ்' கோப்புக்கு அல்ல. எழுதிய நேரம் சரியா என்று அறிய சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர் கட்டளை அடுத்து எப்போது ஓடும் என்று சொல்லும்.

ராஸ்ப்பெரி பை என்ற கையளவுக் கணினியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பை 4 வரை உள்ளவற்றில் மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் கடிகாரச் சில்லு கிடையாது. கரண்டு வந்து இணையம் வராத நேரத்தில் அது பழைய நேரத்திலேயே நிற்கும். சில்லு வாங்கிப் பொருத்துங்கள், விலை சொற்பம்.

மாதத்தின் முதல் வெள்ளி மட்டும் ஓட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் வேண்டும்.

முதல் வெள்ளிக்கு 0 3 1-7 * 5 என்று எழுதத் தோன்றும். தேதியும் கிழமையும் இரண்டும் குறிப்பிட்டிருந்தால் கிரான் அதை 'அல்லது' என்று எடுத்துக்கொள்ளும். 1 முதல் 7 வரை தினமும், அதோடு எல்லா வெள்ளியும் ஓடும். சரியான வழி: வரியை 0 3 1-7 * * என்று எழுதி, ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் இன்று வெள்ளியா என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறுங்கள். சிஸ்டம்டியில் ஃப்ரை *-*-01..07 என்று நேராகவே எழுதலாம், அங்கே இரண்டும் பொருந்தினால்தான் ஓடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று கிரானில் ஒன்றும் இல்லை. வார எண் ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பவர்கள் உண்டு. 2026 மாதிரி 53 வாரம் உள்ள ஆண்டில் அது உதைக்கும்: 53க்குப் பின் 1 வருகிறது, இரண்டும் ஒற்றை, அடுத்தடுத்த வாரம் ஓடிவிடும். 1970 முதல் எண்ணும் நொடிகளை 604800ஆல் வகுத்து வரும் முழு எண்ணை ஒற்றை இரட்டை பாருங்கள், ஆண்டு மாறினாலும் பிசகாது.

ஓடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வரின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிரான் சேவையின் பதிவைப் பார்த்தால் இத்தனை மணிக்குக் கிளப்பினேன் என்று இருக்கும். கிளப்பியதற்குத்தான் சான்று, முடிந்ததற்கு இல்லை. 'தோற்றால் செய்தி அனுப்பு' என்று வைப்பதும் போதாது. சர்வரே செத்துக் கிடந்தால் யார் அனுப்புவது?

திருப்பிப் போடுங்கள். வேலை வெற்றியாக முடிந்தால் மட்டும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி இன்னொரு கணினியில் ஒரு சிறிய கோப்பைப் புதுப்பிக்கட்டும். அந்தக் கணினி தினமும் காலை அந்தக் கோப்பின் வயதைப் பார்த்து, எட்டு நாளைத் தாண்டினால் டெலிகிராமில் கூப்பிடட்டும். ஃபைண்ட் கட்டளையில் எம்டைம் +7 என்பது எட்டு முழு நாள் ஆனதைக் குறிக்கும். அதுவே சரியான அளவு.

வெற்றி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுத்து அப்படியே ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்குக் குழாய் (|) வழியே அனுப்பும் ஸ்கிரிப்ட்டில், எடுக்கும் நிரல் கடவுச்சொல் தவறி விழுந்தாலும் ஜிசிப் ஒன்றுமில்லாததைச் சுருக்கிவிட்டு 'சரி' என்று திரும்பும். அடைவைத் திறந்தால் வெள்ளிதோறும் ஒரு கோப்பு, தேதியெல்லாம் ஒழுங்கு, ஒவ்வொன்றும் 20 பைட். பாஷ் ஸ்கிரிப்ட்டில், குழாயின் எந்த நிரல் விழுந்தாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள், கோப்பின் அளவு போன வாரத்ததில் பாதிக்கும் குறைவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல் காப்பு என்றால் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று தேடலாம்.

போன வார வேலை இன்னும் முடியாமல் இருந்தால்?

கிரான் அதைப் பார்க்காமல் இரண்டாவதைக் கிளப்பும். கட்டளைக்கு முன்னால் எஃப்லாக், சிறு கோடு, 'என்' எழுத்து, பூட்டுக் கோப்பின் பெயர் சேர்த்தால் முதல் வேலை ஓடும்வரை இரண்டாவது சத்தமின்றி விலகும். நேரக் கணக்கையும் முன்பே போடுங்கள்: 6 ஜிகாபைட் கோப்பு, பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் சுத்தமான கோட்டிலேயே 40 நிமிடம்.

விண்டோஸ் கணினிதான் சர்வர். என்ன செய்ய?

டாஸ்க் ஷெட்யூலரில் 'வீக்லி' தேர்ந்து கிழமையை டிக் செய்யுங்கள். அது எளிது. பிறகு நான்கு இடங்களைப் பாருங்கள். பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் தேர்வு. தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டும் தேர்வு, இது இயல்பாக அணைந்தே இருக்கும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடும் தேர்வு, மடிக்கணினியைச் சர்வராக வைத்தவர்கள் இதை எடுத்துவிட வேண்டும். 'ஸ்டார்ட் இன்' கட்டம் காலியாக இருந்தால் நிரல் தன் கோப்புகளைச் சிஸ்டம்32 அடைவில் தேடித் தோற்கும்.

இசட் என்ற எழுத்தில் இணைத்த பகிர்வு வட்டு உள்நுழையாத நிலையில் தெரியாது. இரண்டு பின்சாய்கோடு போட்டுச் சர்வர் பெயருடன் முழுப் பாதையைக் கொடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இங்கேயும் மாற்ற வேண்டும், மறந்தால் அன்றிலிருந்து ஓடாது.

எத்தனை வாரக் காப்பு வைத்திருப்பது?

எட்டு வைத்தால் இரண்டு மாதம் பின்னோக்கிப் போகலாம். 6 ஜிகாபைட் வீதம் 48 ஜிகாபைட். பழையதை அழிக்கும் வரியைப் புதியது சரியாக வந்தது என்று சோதித்த பிறகே வையுங்கள். வரிசை மாறினால், காப்பு தோற்ற எட்டாவது வாரம் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மின்னல் இறங்கினால் சர்வரையும் பக்கத்தில் சொருகிய வெளி வட்டையும் பிரித்துப் பார்க்காது.

தீபாவளி வாரம் மட்டும் நிறுத்தி வைக்கலாமா?

வரியின் தொடக்கத்தில் # போட்டால் போதும். அதற்கு மேலே இன்னொரு # வரியில் யார் நிறுத்தியது, எந்தத் தேதியில், எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். காப்பு வேலையை மட்டும் நிறுத்த வேண்டாம். கடை மூடியிருந்தாலும் அது தன்பாட்டுக்கு ஓடட்டும்.